செருப்பில் வெந்த செங்கல்

பேப்பரில் அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். நான்காம் பக்கம், நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே. கையில் கேடயத்தோடும் வெறுங்காலோடும், சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாத முகத்தோடும் நிற்கிறவன் நான்தான். பெயர் பரசுராமன். வேங்கிக்காலைத் தாண்டி உள்ளே பிரிகிற மண் பாதையில் செங்கல் சூளை வைத்திருக்கிறேன். ‘திருவண்ணாமலையின் முதல் பசுமைச் சூளை’ என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு என் மச்சான் போன் செய்தான். “இன்னா மாமா, விருது வாங்கறப்பகூட செருப்பு போடலியா? அண்ணாமலையார் மேல அவ்ளோ பக்தியா?” என்றான். ஆமாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது பொய். அந்த மாதம் நான் சொன்னதில் அதுதான் சின்னப் பொய். பெரியதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்தபின் நீங்கள் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு போவேன்.

எங்கள் சூளை முப்பது வருஷமாக உமியிலும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைத் தோலிலும் எரிகிறது. நெல் மில்களில் போக்கிடம் இல்லாமல் குவிந்து கிடக்கும் உமியை அள்ளி வந்து எரிப்போம். எரிந்த சாம்பலைச் சலித்து, ஏரி வண்டலோடு பிசைந்து, மறுபடியும் கல் அறுப்போம். தட்டினால் ணங்கென்று சத்தம் வரும் கல். இந்த வேலைக்கு மறுபயன்பாடு என்று ஒரு பெயர் உண்டு என்பதும், அதை நாங்கள் செய்யவே இல்லை என்பதும், லைசென்ஸ் புதுப்பிக்கப் போன அன்று எனக்கு ஒரே நேரத்தில் தெரியவந்தது.

பசுமைச் சூளை ஊக்குவிப்புக் குழுமம் என்று ஒன்று இந்த வருஷம் புதிதாக முளைத்திருந்தது. ஏர் கூலர் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். கழிவை மறுபயன்பாடு செய்கிற சூளைதான் என்று அவர்கள் சான்று தராவிட்டால் லைசென்ஸ் இல்லை. பார்வையிட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் துணை இயக்குநர் புகழேந்தி. இன்னொருவர் கள ஆய்வாளர் அருணாதேவி. அவர் பேசுவதை இவர் ஒரு டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டே வந்தார். சூளையில் தீ போடும் பொறுப்பு முழுக்க எங்கள் பழைய ஆள் மண்ணாங்கட்டியுடையது என்பதால் அவரும் கூட நின்றார்.

“எரிபொருள் என்ன?” என்றார் புகழேந்தி.

“உமிங்க. கூட மல்லாட்டைத் தோலு. மில்லுல தூக்கிப் போடறதுங்க.”

“சும்மா தராங்களா?”

“இல்லீங்க, காசு கொடுத்துத்தான் எடுக்கறோம். எல்லாத்துக்கும் பில்லு இருக்குது.”

பெருமையாக பில் கட்டை எடுத்து நீட்டினேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு அது. புகழேந்தி ஒரு பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

“மிஸ்டர் பரசுராமன், பில்லு இருந்தா அது சரக்கு. சரக்கு எப்படிங்க கழிவாகும்? கழிவுன்னா அது யாருக்கும் வேணாம்னு இருக்கணும். நீங்க வேணும்னு வாங்கறீங்க. வேணும்ங்கற எண்ணம் உங்களுக்கு வந்த நிமிஷமே அது கழிவுங்கற தகுதிய இழந்துடுது.”

“அப்போ வேணாம்னு நெனச்சிக்கினே எரிச்சா சரியா சார்?” என்று மண்ணாங்கட்டி கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே வழி தேடினார்.

“எண்ணத்துக்கு எங்ககிட்ட படிவம் இல்ல” என்றார் புகழேந்தி.

“மறுபயன்பாடு பூஜ்யம் சதவீதம் சார்” என்று அருணாதேவி படித்துக் காட்டினார். அப்போதுதான் அவர் பார்வை சூளை வாய்க்குப் பக்கத்தில் நட்டிருந்த சவுக்குக் கம்பத்தின் மேல் விழுந்தது.

அந்தக் கம்பத்தில் ஒரு தேய்ந்த துடைப்பமும் ஒற்றைச் செருப்பும் தொங்கும். திருஷ்டிக்குக் கட்டியது. சூளை எரிகிறபோது யார் கண்ணாவது பட்டால் கல் வேகாது என்று எல்லாச் சூளையிலும் கட்டுவதுதான். பார்க்கிறவன் கண் நல்ல கல்லின் மேல் போகாமல் அந்த அசிங்கத்தின் மேல் போய் நின்றுவிட வேண்டும். எங்கள் கம்பத்தில் தொங்கியது மண்ணாங்கட்டியின் இடதுகால் செருப்பு, வார் அறுந்தது.

“அது என்னங்க?” என்றார் அருணாதேவி.

“செருப்புங்க.”

“யாருக்காவது வேணுமா?”

“யாருக்கும் வேணாங்க.”

“பில்லு இருக்கா?”

“அறுந்த செருப்புக்கு இன்னாத்துக்கு மேடம் பில்லு?” என்றார் மண்ணாங்கட்டி.

அருணாதேவியின் முகம் மலர்ந்தது. ‘பயனற்ற காலணி, ஒன்று. தொழிற்கூடப் பாதுகாப்புக்காக மறுபயன்பாடு செய்யப்படுகிறது’ என்று ஏற்றினார். புகழேந்தி என் கையைப் பிடித்துக் குலுக்கி, “இத ஏங்க மொதல்லயே சொல்லல?” என்று கடிந்துகொண்டார். செருப்பைக் கம்பத்திலிருந்து இறக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரக்கு வைத்து, மாதிரிக்கு என்று எடுத்துப் போய்விட்டார்கள். எப்போது திருப்பித் தருவார்கள் என்று மண்ணாங்கட்டி என்னைக் கேட்டார். கம்பத்தில் வெறும் துடைப்பம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மண்ணாங்கட்டியின் செருப்பு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ‘தொடக்கம்’ என்று கீழே எழுதியிருந்தது. புகழேந்தி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினார்.

“ஒரு செருப்பால ஒரு சூளையைப் பாதுகாக்க முடியும்னா, லட்சம் செருப்பால என்னென்ன செய்யலாம்? யோசிச்சுப் பாருங்க. மத்த ஊர்ல எரிபொருளுக்கு பூமியத் தோண்டறாங்க. நம்ம ஊர்ல மக்களே வந்து கழட்டி வெச்சிட்டுப் போறாங்க.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது, செருப்பை எங்கே விட்டோம் என்பது பலருக்கும் மறந்துவிடும். தேடிப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் ரோட்டோரமெல்லாம் செருப்பாகக் கிடக்கும். அதையெல்லாம் என் சூளையில் எரிப்பதுதான் திட்டம்.

“சார், அதெல்லாம் ரப்பரு. எரிச்சா புகை ஜாஸ்தி வரும்.”

“நாங்க கழிவை மட்டும்தான் பார்க்கறோம். எரிஞ்சப்புறம் அது கழிவு இல்ல, காத்து. காத்து வேற துறை.”

எழுந்து வந்திருக்கலாம். களத்தில் பன்னிரண்டு குடும்பம் வேலை செய்கிறது, லைசென்ஸ் போனால் அவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டு மாடி பாதியில் நிற்பதையும் அதே நேரத்தில் நினைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் வேணு என்கிற டிரைவர் முதல் லோடைக் கொண்டுவந்து களத்தில் கொட்டினான். கூடவே ஒரு பதிவேடும் ஒரு விதியும் வந்தன. ஜோடியாக உள்ள செருப்புதான் கழிவு. ஒற்றைச் செருப்பு கழிவு அல்ல, காணாமல் போன பொருள். சொந்தக்காரர் வந்து கேட்கக்கூடும் என்பதால் அதை முப்பது நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆக, ரப்பரை எரிப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆந்திராவிலிருந்து யாராவது ஒற்றைக் காலுக்குச் செருப்பு தேடி வந்தால் என்ன செய்வது என்பதுதான் கவலை.

கல் அறுக்கிற ஆட்கள் கல் அறுப்பதை விட்டுவிட்டு வட்டமாக உட்கார்ந்து ஜோடி சேர்த்தார்கள். சேராதது ஏகப்பட்டது. மண்ணாங்கட்டி பொறுமை இழந்து பச்சை வார் இடதுகாலையும் சிவப்பு வார் வலதுகாலையும் கட்டிவைத்து, “இதுங்கள காதல் கல்யாணம்னு எழுதிக்கங்க மொதலாளி” என்றார். அப்படியே எழுதினேன். ஆய்வுக்கு வந்த அருணாதேவி அதைப் படித்துவிட்டு, சாதிச் சான்றிதழ் மட்டும்தான் கேட்கவில்லை. ஒப்புதல் முத்திரை குத்திவிட்டுப் போனார்.

சூளைக்குக் கிழக்கே, ஒரு வேலி தாண்டினால் ரஹமத்துன்னிசாவின் வீடு. அவள் வீட்டிலேயே மெஷின் போட்டு, ஸ்கூல் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறவள். புருஷன் பாசில் ரமணாசிரமம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல காற்றைத் தேடிக் கண்டம் தாண்டி வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை. அவர்கள் மகள் நூரைனுக்கு எட்டு வயது. கைக்குழந்தையிலிருந்தே வீசிங் இருந்தது, இரண்டு வருஷமாக அடங்கியிருந்தது.

ஸ்கூல் விட்டு வந்ததும் நூரைன் ஒரு குச்சியோடு எங்கள் களத்துக்கு வந்துவிடுவாள். அடுக்கி வைத்த கற்களைத் தட்டிக்கொண்டே போவாள். ணங்கென்றால் “வெந்துச்சு”. டொக்கென்றால் “வேகல”. மண்ணாங்கட்டிகூட எப்போதாவது ஏமாறுவார். அவள் காது ஏமாறாது. அவள் வேகலை என்று சொன்ன கல்லை நான் லாரியில் ஏற்றியதில்லை.

செருப்புப் புகை எப்படி இருக்கும் என்று வருணிக்க மாட்டேன். உங்கள் வீட்டுப் பழைய செருப்பை அடுப்பில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள். மூன்றாம் நாள் ரஹமத்துன்னிசா வேலியோரம் வந்து நின்றாள். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. அதன் மேலெல்லாம் எள்ளு தெளித்ததுபோல் கரித்துகள்.

“அண்ணே, உமி எரிச்சப்ப இப்படி இல்லியே. துவைச்சாலும் போக மாட்டேங்குது. சட்டய விடுங்க, புள்ளைக்கு நேத்துலேருந்து இழுக்குதுண்ணே.”

“ரெண்டு நாள்ல நிறுத்திடறேம்மா” என்றேன்.

முதல் சூளை பிரித்தபோது கல்லெல்லாம் வெடித்திருந்தது. சிலதில் செருப்பின் பக்கிள் ஒட்டிக்கொண்டு மினுக்கியது. நூரைன் அன்றைக்கு வாயில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். பத்துக் கல்லைத் தட்டினாள். பத்தும் டொக்.

“ஒண்ணுகூட வேகல மாமா” என்றாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

ஒரு உடைந்த கல்லை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். புகழேந்தி அதைக் கையில் வாங்கினார். அது அவர் கையிலேயே இரண்டாகப் பிளந்தது.

“லைட் வெயிட்!” என்றார் மகிழ்ச்சியோடு. “அருணாதேவி, இலகு ரகம்னு போட்டுக்கங்க.”

“சார், கல்லு கெடக்கட்டும். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு மூச்சு விட முடியல. புகைய யாராச்சும் வந்து அளந்து பாருங்க சார்.”

“காத்து வேற துறைதான். ஆனா உங்க நல்ல நேரம், திட்டத்தோட ஒரு மெஷினும் கொடுத்திருக்காங்க” என்று சுவரைக் காட்டினார். ஏசிக்குக் கீழே ஒரு பெட்டி மாட்டியிருந்தது. அதன் மேல் ‘பரசுராமன் சூளை’ என்று ஸ்டிக்கர். திரையில் பச்சை எழுத்தில் ‘நன்று’ என்று வந்தது.

“மெஷின் இங்க இருக்குதுங்களே சார். என் சூளை அங்க இருக்குது.”

“அங்க மாட்டினா தூசி பட்டுக் கெட்டுடும். விலை என்னன்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார். பிறகு என் தோளில் தட்டி, “உங்க சூளையோட காத்து நல்லாருக்கு. நீங்க சும்மா பயப்படாதீங்க. விருதுக்கே உங்க பேர அனுப்பியாச்சு” என்றார்.

இதற்குள் ரஹமத்துன்னிசா புகையைப் பற்றிக் குழுமத்தில் ஒரு மனு கொடுத்திருந்தாள். விசாரணைக்குத் தேதி குறித்து எனக்கும் அவளுக்கும் கடிதம் வந்தது. விருது விழாவுக்கும் அதே தேதிதான். இரண்டும் என் களத்திலேயே.

“சிக்கன நடவடிக்கை” என்று புகழேந்தி போனில் விளக்கினார். “விழாவும் விசாரணையும் ஒரே பந்தல்ல முடிச்சிடறோம். சேர் வாடகை மிச்சம். இன்னொரு விஷயம், தலைமை விருந்தினருக்கு வயசாயிடுச்சு, புகை ஒத்துக்காது. ரெண்டு நாள் முன்னாடியே செருப்பு எரிக்கறத நிறுத்திட்டு, உங்க பழைய உமியையே போடுங்க.”

“எட்டு வயசுப் பொண்ணுக்கும் ஒத்துக்கலீங்க சார்.”

“அந்தப் பொண்ணு தலைமை விருந்தினர் இல்லியே” என்றார். அதில் கேலி ஒரு துளியும் இல்லை. தகவலாகத்தான் சொன்னார்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை ரஹமத்துன்னிசா மனுவின் நகலோடு வந்தாள். கடைசியில் சாட்சி என்று ஒரு இடம் காலியாக விட்டிருந்தது.

“ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ மூச்சுக்கு மருந்துப் புகை வெச்சு கூட்டியாந்தேன்ணே. இதுக்கு மேல இங்க இருக்காதீங்கன்னு டாக்டர் சொல்றாரு. எங்க போறது? நாளைக்கு உங்களத்தான் கேப்பாங்களாம். உள்ளத சொல்லுங்க, அது போதும். ஜாஸ்தி ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“சொல்றேம்மா.”

“கையெழுத்து?”

“நாளைக்கு நேர்லயே சொல்லப் போறேனே, அப்புறம் கையெழுத்து இன்னாத்துக்கு?”

அவள் நம்பினாள். நகலை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

மறுநாள் பந்தல், மைக், சிவப்பு மேட் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. சூளையில் உமி எரிந்தது. மலை அன்றைக்குத் துடைத்துவைத்ததுபோல் தெளிவாகத் தெரிந்தது. தலைமை விருந்தினர் வந்து இறங்கி, ஆழமாக மூச்சை இழுத்து, “ஆகா, கிராமத்துக் காத்து!” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

முதல் நிகழ்ச்சி, தலைமை விருந்தினர் தன் கையால் ஒரு செருப்பைச் சூளையில் இடுவது. அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. புகை வரக்கூடாது என்று களத்திலிருந்த செருப்பையெல்லாம் முந்தின நாளே வேணு லாரியில் ஏற்றிப் போய்விட்டான். ஒரு செருப்பு இல்லை. புகழேந்தி பரபரப்பாகச் சுற்றிலும் பார்த்தார். அதிகாரிகள் எல்லாரும் ஷூ போட்டிருந்தார்கள்.

“என் ஷூவுக்குப் பில்லு இருக்கு” என்று முன்னெச்சரிக்கையாகச் சொன்னார். பிறகு என் காலைப் பார்த்தார். “உங்க செருப்புக்குப் பில்லு இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்போ கழட்டுங்க.”

கழற்றினேன். ஒன்றை மட்டும் கழற்றினால் ஒற்றைச் செருப்பாகிவிடும் என்று அருணாதேவி நினைவூட்டியதால் இரண்டையும் கழற்றினேன். தாம்பாளத்தில் வைத்துச் சந்தனம் தெளித்தார்கள். யாரோ குங்குமம் வைக்கப் போனார், அது மட்டும் வேண்டாம் என்று மண்ணாங்கட்டி கையைப் பிடித்துத் தடுத்தார். தலைமை விருந்தினர் இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாகச் சூளை வாய்க்குள் போட்டார். கைதட்டினார்கள். என் செருப்பு எரிவதற்கு நானும் கைதட்டினேன்.

புகழேந்தி மைக்கைப் பிடித்தார். “மக்கள் செருப்பை வெறும் செருப்பாகப் பார்த்தார்கள். நாங்கள் அதற்குள் ஒளிந்திருந்த செங்கல்லைப் பார்த்தோம். இந்தத் திட்டத்தின் மேல் ஒரு புகாரும் வந்திருக்கிறது. அதை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். புகை போய்ச் சேராத இடத்திலிருந்து புகார் வராது. ஆகவே, திட்டம் மக்களைப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே ஆதாரம்.” மறுபடியும் கைதட்டல். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கேடயத்தைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். நீங்கள் பார்த்த படம் அதுதான்.

கேடயத்தைக் கீழே வைக்கக்கூட நேரம் தரவில்லை. அதே மேடையில், அதே மைக்கில், விசாரணை ஆரம்பித்தது. ரஹமத்துன்னிசா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நூரைன், மடியில் இன்ஹேலரோடு. என்னைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை சிரித்தது. நான் மேடையில் நிற்பது அவளுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

“மனுதாரர் புகைன்னு சொல்றாங்க. எல்லாரும் மேல பாருங்க” என்றார் புகழேந்தி. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நீலமாக இருந்தது. “மிஸ்டர் பரசுராமன், செருப்பு எரிக்கறதால இங்க புகை தொந்தரவு இருக்கா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

இருக்குதுங்க என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். தலைமை விருந்தினர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கையில் கேடயம் இருந்தது. லைசென்ஸ் அருணாதேவியின் பைலுக்குள் இருந்தது.

“இன்னிக்கு இல்லீங்க” என்றேன்.

சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டதாக அந்த நிமிஷம் நினைத்தேன். பொய்யும் சொல்லவில்லை, பகையும் இல்லை. அருணாதேவி டேப்லெட்டில் ஏற்றியதை உரக்கப் படித்தார். “சூளை உரிமையாளர் வாக்குமூலம்: இல்லை.”

‘இன்னிக்கு’ எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. மைக் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. புகழேந்தி அவர் படித்ததைக் கேட்டுவிட்டு மூன்று எண்ணும் நேரம் எனக்காகக் காத்திருக்கவும் செய்தார். அந்த மூன்று எண்ணும் நேரத்தில் நான் கேடயத்தில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரஹமத்துன்னிசா எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். மனுவை முடித்துவைத்தார்கள். பிறகு எல்லாருக்கும் பிரியாணி.

பந்தலைப் பிரித்ததும் வெறுங்காலோடு வேலியைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். என் மாவட்டத்தில் என்னைவிட அதிகச் செருப்பைப் பார்த்தவன் எவனும் இல்லை. அதில் ஒன்றை எடுத்து அவள் என்னை அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ உள்ளே வாங்க என்றாள். சேரைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

நூரைன் என் காலைப் பார்த்துவிட்டு, “மாமா, உங்க செருப்பயும் போட்டுட்டாங்களா?” என்று கேட்டாள். அவளுக்கு என் மேல் இரக்கம்.

“வெள்ளிக்கெழம வாணியம்பாடி போறோம்ணே, என் அக்கா வூட்டுக்கு” என்றாள் ரஹமத்துன்னிசா, மூட்டையை விட்டுக் கண்ணெடுக்காமல். “புள்ளயோட அப்பா இங்கயே ஆட்டோ ஸ்டாண்டுல படுத்துக்குவாரு. தையல் ஆர்டர திருப்பிக் கொடுத்துட்டேன்.”

“ரஹமத்து, நான் இன்னிக்கு இல்லன்னுதாம்மா சொன்னேன். அவங்கதான்…”

“கேட்டுச்சுண்ணே. நானும் அங்கதான இருந்தேன்.”

அடுத்த சட்டையை மடித்து மூட்டையில் வைத்தாள். தண்ணீர் தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது நூரைன் தன் குச்சியை என்னிடம் கொடுத்தாள். “அங்க சூளை இல்லியாம் மாமா. நீங்க தட்டிப் பாத்து ஏத்துங்க” என்றாள்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் வேணு லாரியோடு வந்தபோது நான் பாதையின் குறுக்கே நின்றேன். உள்ளே ஒரு செருப்பும் இறங்காது என்றேன். அவன் ஒன்றும் தகராறு செய்யவில்லை. “எனக்கென்னாங்க, எங்கியாவது எறக்கணும், அவ்ளோதான்” என்று அடுத்த சூளைக்கு ஓட்டிப் போய்விட்டான். புகை அங்கிருந்து எழும்பியது. அந்தச் சூளைக்குப் பக்கத்திலும் வீடுகள் இருக்கின்றன.

அன்றைக்கே மனுவின் நகலில், சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். செருப்பு எரித்தேன், புகை வந்தது, பிள்ளைக்கு மூச்சு நின்றுபோகப் பார்த்தது, விழாவில் நான் உண்மையைச் சொல்லவில்லை என்று. எடுத்துக்கொண்டு போய்ப் புகழேந்தியின் மேசை மேல் வைத்தேன். லைசென்ஸ் போனால் போகட்டும் என்று உண்மையாகவே நினைத்திருந்தேன்.

அவர் பொறுமையாக முழுவதும் படித்தார். “மனுதாரர் இப்போ எங்க இருக்காங்க?”

“வாணியம்பாடி போயிட்டாங்க சார்.”

“அப்போ அந்த வீட்டுல யாரு இருக்கா?”

“யாரும் இல்லீங்க. பூட்டிக் கெடக்குது.”

“அப்போ பாதிக்கப்பட்டவங்க யாருமே இல்ல” என்றார் புகழேந்தி. அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. “அருணாதேவி, பரசுராமன் சூளைக்குச் சுத்தி குடியிருப்பு இல்லன்னு மாத்திக்கங்க. புகார் பூஜ்யம்.” பிறகு எழுந்து என் கையைக் குலுக்கினார். “அடுத்த விருதுக்கும் தகுதி வந்துடுச்சுங்க உங்களுக்கு. சும்மா சொல்லக்கூடாது, சாதிச்சிட்டீங்க.”

“நான் இப்போ செருப்பே எரிக்கறதில்லீங்க சார்.”

“பதிவேட்டுல எரியுதே” என்றார்.

‘புகாரில்லாச் சூளை’ என்ற இரண்டாவது கேடயம் போன வாரம் கூரியரில் வந்தது. லைசென்ஸும் அதே கவரில் இருந்தது, ஐந்து வருஷத்துக்கு. நான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மண்ணாங்கட்டி வந்தார். உமிக்குத் தீ போட வேண்டிய நாள் அது.

“மொதலாளி, கம்பத்துல தொடப்பம் மட்டும் தொங்குது. அவங்க எட்த்துனு போன செருப்பு வராது போலக்கீது. அசிங்கமா எதனா ஒண்ணு கட்டணுமே, இன்னா கட்றது?”

நூரைன் கொடுத்த குச்சி மேசை மேல்தான் இருந்தது. அதை எடுத்துக் கேடயத்தை ஒரு தட்டு தட்டினேன். டொக்கென்றது. அந்தக் கேடயத்தையே மண்ணாங்கட்டியிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கிப் போய், வேலிக்கு அந்தப்பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்த மாதிரி, என் பெயர் தெரியும்படி கட்டிவிட்டு வந்தார்.